மழைக்கு முன்னம் ஊருக்குள் எதைச் சொல்லுவது, யார் சொல்லுவது?

கிணற்றடி:

எல்லாருக்கும் வணக்கம். கோண்டாவில் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் செயலாளராக இருக்கிறேன். ஐப்பசி பிறந்தால் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஒழுங்கை ஒழுங்கையாக டெங்கு அறிவித்தல் செய்வது எங்கள் வழக்கம். நோட்டீஸ் அடித்து வாசிகசாலையிலும் கோயில் தேர்முட்டியிலும் ஒட்டுவோம். ஒரு ஞாயிறு சிரமதானம் வைப்போம், படம் எடுப்போம், பேப்பரிலும் வரும். மூன்று வருடமாக இதைத்தான் செய்கிறோம். ஆனால் மார்கழியில் காய்ச்சல் வராமல் விட்டதில்லை.

போன மார்கழியில் என் மகளுக்கே வந்தது. பத்து வயது. நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும் சுகமாகிவிட்டது என்று நினைத்து, வீட்டுக்கு விடுவீர்களா என்று கேட்டேன். "அம்மா, இனித்தான் கவனமாகப் பார்க்க வேண்டிய நேரம்" என்றார் வார்டில் நின்ற வைத்தியர். பிறகு இரண்டு நாள், குடித்த தண்ணீர், போன சிறுநீர், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் என்று மணிக்கு மணி எழுதி எழுதித்தான் பிள்ளையைத் திருப்பித் தந்தார்கள். அந்த இரண்டு இரவும் நான் கண் மூடவில்லை.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தம்பி வளவெல்லாம் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. கேற் வரை போனவர் திரும்பி வந்து குசினிக்குள் பிறிட்ஜை முன்னுக்கு இழுத்தார். பின்பக்கம் தண்ணீர் வடிகிற தட்டில் ஒரு விரல் அளவுக்குத் தண்ணீர். ரோச் அடித்ததும் கறுத்த நூல்துண்டுகள் மாதிரி நுளம்புக் குடம்பிகள் நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின. அந்தப் பிறிட்ஜுக்குப் பக்கத்து மேசையில் இருந்துதான் மகள் பின்னேரம் படிப்பாள். நான் எழுதிய நோட்டீஸில் ரயர், சிரட்டை, யோகட் கப், பூச்சாடி எல்லாம் இருந்தன. அந்தத் தட்டு இல்லை.

இந்த வருடம் நிலையத்தின் கையில் கொஞ்சக் காசு இருக்கிறது. அதே ஆட்டோவுக்கும் அதே நோட்டீஸுக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சனம் கேட்டுவிட்டுப் போகாமல் எழும்பிச் செய்வதற்கு என்ன வழி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற பரிசோதகர்:

பிள்ளை, மகள் சுகமாக வீட்டுக்கு வந்ததே பெரிய ஆறுதல். முப்பது வருடத்துக்கு மேல் வலிகாமத்திலும் தீவுப் பக்கத்திலும் பி.எச்.ஐயாகச் சைக்கிள் உழக்கியவன் நான். மனதில் உள்ளதை எழுதுகிறேன்.

ஆட்டோவைக் குறை சொல்ல வேண்டாம். அது தன் வேலையை முடித்துவிட்டது. 2017 இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. அந்த வருடத்துக்குப் பிறகு டெங்கு என்றால் என்ன என்று தெரியாத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை. தெரிந்ததையே திரும்பச் சொன்னால் சனம் என்ன செய்யும்? தலையாட்டும்.

"சுற்றுச்சூழலைச் சுத்தமாக வைத்திருங்கள்" என்று எழுதுகிறோமே, அதைக் கேட்கிற எங்கள் அம்மாமார் தங்கள் முற்றத்தைத்தான் பார்ப்பார்கள். காலையும் மாலையும் கூட்டி, ஈர்க்குமாற்றுக் கோடு தெரிகிற முற்றம். "என்ர வளவு துப்பரவுதானே" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை. டெங்கு நுளம்பு அந்த முற்றத்தில் இல்லை. கிணற்றடித் தொட்டியிலும், பீலியிலும், மீன் சட்டி கழுவ மூலையில் பிடித்து வைத்த வாளியிலும் இருக்கிறது. குப்பையும் நுளம்பும் ஒன்று என்று நாங்களே இத்தனை வருடமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டோம்.

இன்னொன்று. இந்த நுளம்பு முட்டையைத் தண்ணீருக்குள் போடுவதில்லை. தண்ணீர் முடிகிற விளிம்புக்குச் சற்று மேலே, சுவரில் ஒட்டிவிடும். தொட்டி காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் கிடக்கும். ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரிக்கும். அதனால் தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, பொச்சோ பிறஸோ போட்டுச் சுவரைத் தேய்க்க வேண்டும். முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பு வர ஒரு வாரம், பத்து நாள். அதனால்தான் வாரத்துக்கு ஒரு தடவை என்கிறோம். இந்தக் காரணத்தைச் சொல்லி நான் ஒரு நோட்டீஸைக்கூடக் கண்டதில்லை. காரணம் தெரிந்தால் சனம் தானே கணக்குப் போடும்.

உங்கள் நோட்டீஸில் பதினைந்து விஷயம் இருக்கும். ஒன்றை வையுங்கள். "ஞாயிறு காலை, தொட்டியை இறைத்து, தேய்த்து, பிறகு நிரப்பு." அவ்வளவுதான்.


கொக்குவில் வாசகன்:

ஐயா சொல்வது சரி, ஆனால் கெஞ்சிக்கொண்டு இருந்தால் நடக்காது. நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கிற சட்டம் 2007 இலேயே வந்துவிட்டது. குடம்பி கண்டால் வழக்குப் போடலாம். பக்கத்து வீட்டுக்காரர் தொட்டியைக் கழுவாததற்கு என் பிள்ளை ஏன் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும்? நாலு பேரை நீதிமன்றத்துக்கு இழுத்தால் மிச்சப் பேர் தானாகத் திருந்துவார்கள்.


ஓய்வுபெற்ற பரிசோதகர்:

தம்பி, கோபம் நியாயம். நானும் வழக்குப் போட்டிருக்கிறேன். கடை, கட்டட வேலை நடக்கிற இடம், பழைய ரயர் குவிக்கிற இடம், இப்படிப்பட்டவர்களுக்குச் சட்டம்தான் மருந்து. வீடுகளில் வேறு மாதிரி நடந்தது. ஒரு ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கு வழக்குப் போட்டால் அடுத்த முறை அந்த ஒழுங்கையில் எல்லாக் கேற்றும் பூட்டியிருக்கும். நாய் குரைக்கும், ஆள் இல்லை என்று உள்ளிருந்தே பதில் வரும். கேற் பூட்டிய வீட்டுக் குடம்பியை நான் எப்படிக் காண்பது? சட்டம் கையில் இருக்கட்டும். முதல் தடவை அதைத் தூக்கிக்கொண்டு படலைக்குப் போகாதீர்கள்.


ஒலிவாங்கி:

உள்ளூர் வானொலியில் வேலை செய்கிறேன். ஆட்டோவையும் நோட்டீஸையும் சேர்த்து ஊடகத்தையே ஒதுக்கிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் இங்கே மின்சாரம் இல்லாத காலம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். சுற்றிவர ஏழெட்டுப் பேர் செய்தி கேட்பார்கள். அப்பா சுற்றும்போது கை ஓய்ந்தால் குரல் இழுபடும், "சுத்து சுத்து" என்று பக்கத்து வீட்டு மாமா கத்துவார். அந்தச் சனம் கவனமாகக் கேட்டது. கேட்டதை அடுத்த ஒழுங்கைக்குக் கொண்டுபோய்ச் சொன்னது. செய்தியில் தங்களுக்கு வேண்டியது இருந்தது என்பதுதான் காரணம்.

இப்போது எங்களுக்கு வருகிற சுகாதார அறிவித்தலைப் பாருங்கள். "பொதுமக்கள் அனைவரும் தத்தமது சுற்றாடலை நுளம்புகள் பெருகாவண்ணம் பேணுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்." வாசிக்கிற எனக்கே மூச்சு வாங்குகிறது. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு கேட்கிற ஒரு அம்மாவை அது எப்படித் தொடும்? இதே மண்ணில் 1847 இல் வந்த அமெரிக்க மருத்துவர் கிறீன், மானிப்பாயில் இருந்து தமிழ் படித்து, தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, உடல் உறுப்புக்கும் நோய்க்கும் தமிழ்ச் சொல் தேடினார். நாங்களோ எங்கள் அம்மாவுக்குப் புரியாத தமிழில் அம்மாவுக்கு அறிவித்தல் செய்கிறோம்.

ஊடகத்தால் முடிகிறதும் இருக்கிறது. 1972 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் கலிபோர்னியாவில் மூன்று சின்ன ஊர்களை எடுத்தது. ஒன்றில் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றில் தொலைக்காட்சி, வானொலி, பத்திரிகை மூலம் இருதய நோயைப் பற்றிய பிரசாரம் மட்டும். மூன்றாவதில் அதே பிரசாரத்தோடு, ஆபத்துக் கூடியவர்களை நேரிலும் சந்தித்துப் பேசினார்கள். பிரசாரம் மட்டும் நடந்த ஊரிலும் சனத்தின் உணவில் மாற்றம் வந்தது. நேரில் பேசியதும் சேர்ந்த ஊர் முதல் வருடத்திலேயே முந்திவிட்டது, சிகரெட்டை விடுவதில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. ஸ்பானிய மொழி பேசுகிற தொழிலாளர் அங்கே நிறைய இருந்ததால் அவர்களுடைய மொழியில் தனியாக நிகழ்ச்சி செய்திருக்கிறார்கள், மொழிபெயர்த்து ஒப்பேற்றவில்லை.

அதனால் அக்கா, உங்கள் ஊருக்கு ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒரு நிமிடம் நான் கேட்டுப் பார்க்கிறேன். உங்கள் ஊர் ஆள் ஒருவரின் குரல், எங்கள் கதைக்கிற தமிழ், ஒரே விஷயம்: "இண்டைக்கு ஞாயிறு. தொட்டி இறைச்சாச்சோ?" ஆறு வாரம் அதே நேரத்துக்கு. நேரத்தை ஞாபகப்படுத்துவதில் வானொலியை வெல்ல ஆள் இல்லை.


சங்கானை மிட்வைப்:

வானொலித் தம்பி எழுதியதை வாசிக்கச் சந்தோஷமாக இருந்தது. நான் குடும்பநல உத்தியோகத்தர், ஊரில் எல்லாருக்கும் மிட்வைப் அக்கா. கர்ப்பிணித் தாய்மாரைப் பார்க்கப் போகிற வீடுகளில் நான் செய்கிற ஒன்றைச் சொல்கிறேன்.

என் பையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கப்பும் சின்ன ரோச்சும் இருக்கும். கிணற்றடித் தொட்டியில் கப்பைச் சரித்து, விளிம்பால் கொஞ்சத் தண்ணீர் மெல்லக் கோலி எடுத்து, அம்மாவின் கையில் கொடுப்பேன். ஒன்றும் சொல்ல மாட்டேன். வெள்ளையில் கறுப்பு நெளிவது தெரியும். நிழல் பட்டதும் எல்லாம் ஒரே அடியாகக் கீழே ஓடும், பிறகு மூச்சுக்கு ஒன்றொன்றாக மேலே வரும். ஒரு தாய் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் அதையே பார்த்தா. "இதுவா அக்கா? இது நான் தவளைக்குஞ்சு எண்டு நினைச்சன்" என்றா. அடுத்த முறை நான் போகும்போது தொட்டி காய்ந்து கிடந்தது, பக்கத்து வீட்டுத் தொட்டியையும் அவவே பார்த்துவிட்டு எனக்குச் சொன்னா. நோட்டீஸில் நுளம்பின் படத்தைப் பெரிதாகப் போடுகிறோம். சனம் தன் வீட்டில் காணப்போவது குடம்பியைத்தானே?

ஒரு மனக்குறையும் சொல்ல வேண்டும். "பொதுமக்களே" என்று அறிவித்தால் அந்த வேலை பெண்கள் தலையில்தான் விழும். தோட்டத்துக்கும் கடைக்கும் போய்வந்து, பிள்ளையைப் படிப்பித்து, இரவு பத்து மணிக்கு அவ தொட்டியும் கழுவ வேண்டும். தொட்டி பெரிது, தனியாக இறைத்துத் தேய்க்கச் சின்ன வேலை இல்லை. அறிவித்தலில் அப்பாவைக் கூப்பிடுங்கள், வளர்ந்த மகனைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், பூட்டிய வீடுகள். எங்கள் பிரிவில் வெளிநாட்டில் உள்ளவர்களின் வீடுகள் எத்தனை! மதில் உயரம், உள்ளே பாவிக்காத கிணறு, நிரம்பிய தொட்டி, இலை அடைத்த பீலி. அந்தப் படலைக்கு முன்னால் நின்று யாருக்கு நான் கப்பைக் காட்டுவது?


ஸ்காபரோவாசி:

அக்கா, கடைசிப் பந்தி எனக்கு எழுதியது மாதிரி இருந்தது. இணுவிலில் எங்கள் வீடு பூட்டித்தான் கிடக்கிறது. வருடம் ஒருமுறை ஒருவருக்குக் காசு அனுப்பிப் புல்லு வெட்டுவிப்போம். மழைக்குள் தொட்டியில் என்ன இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. எங்கள் வீட்டுக்கு எதிரில் போன வருடம் ஒரு பெடியனுக்கு டெங்கு வந்ததாக அம்மா சொன்னா. இந்த நுளம்பு தூரம் பறக்காது, நூறு, இருநூறு மீற்றருக்குள்தான் சுற்றும் என்று இப்போது வாசித்ததும் இரவு நித்திரை வரவில்லை.

திறப்பு என் சித்தியிடம் இருக்கிறது. யார் போய்க் கேட்டாலும் கொடுக்கச் சொல்லிவிட்டேன். எங்கள் ஊர்ச் சங்கத்தின் வட்சப் குழுவில் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறோம், கோயில் திருவிழாவுக்குக் காசு கேட்டால் அரை மணித்தியாலத்தில் சேரும். இன்று அங்கே ஒரே கேள்விதான் போட்டேன்: "ஊரில் உங்கள் வீட்டுத் திறப்பு யாரிடம்?" நாலு பேர் பதில் போட்டுவிட்டார்கள்.


கரவெட்டி கமக்காரன்:

2024 மார்கழியில் எங்கள் வடமராட்சிப் பக்கம் காய்ச்சல் வந்து அடுத்தடுத்து ஆட்கள் இறந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். முதலில் மர்மக் காய்ச்சல் என்று பேப்பரில் வந்தது. பிறகு எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. வெள்ளம் நின்ற வயல், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் வெடிப்பு. எங்களுக்கு அது பழகின தொழில், பயப்படத் தெரியாது.

அந்த நேரம் சுகாதாரப் பகுதி ஆட்கள் வரம்புக்கே வந்தார்கள். வயலுக்கு இறங்க முன்னம் போடுகிற குளிசை, டொக்சிசைக்ளின், கையில் தந்து, கிழமைக்கு ஒரு தடவை சாப்பிட்டபின் போடு என்று சொல்லி, பெயரையும் எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த கிழமை அதே ஆள் வந்து "போட்டியளோ" என்று கேட்டார். கேட்பார் என்று தெரிந்தபடியால் போட்டேன். இதற்கு முந்தின வருடங்களிலும் குளிசை எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் இலவசமாகத்தான் இருந்தது. நான் போய் எடுத்ததில்லை. விதைப்பு நேரத்தில் அரைநாள் யார் மினக்கெடுவது?

பயம் காதைத் திறக்கும். ஆனால் அந்தப் பயம் தை பிறக்க அடங்கிவிடும். வரம்புக்கு வருகிற ஆள் வருடா வருடம் வர வேண்டும்.


சுகாதாரக் கல்வி:

கமக்காரர் ஐயா எழுதிய "அடுத்த கிழமை வந்து கேட்டார்" என்ற வரிக்காகத்தான் நான் உள்ளே வந்தேன். சுகாதாரக் கல்வி உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். பயிற்சிகளில் நான் எப்போதும் சொல்லுகிற ஒரு கதை இருக்கிறது, பங்களாதேஷில் நடந்தது.

அங்கே வயிற்றோட்டத்தால் பிள்ளைகள் ஏராளமாக இறந்துகொண்டிருந்த காலம். எங்களிடம் வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற ஜீவனிப் பைக்கற் இருக்கிறது மாதிரி அங்கே ஒவ்வொரு கிராமத்துக்கும் பைக்கற் அனுப்ப வழி இல்லை. பிறாக் என்ற அமைப்பு 1980 இல் வீடு வீடாகப் போகத் தொடங்கியது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை லீற்றர் அளவு தண்ணீர். தாயின் கையாலேயே கலக்கச் செய்து, கண்ணீரைவிட உப்புக் கூடாமல் சுவை பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பத்து விஷயங்கள் மட்டும், அதற்கு மேல் இல்லை.

இதில் எனக்குப் பிடித்தது சம்பள ஏற்பாடு. எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று பார்த்துக் காசு கொடுக்கவில்லை. சில வாரம் கழித்து வேறு ஒருவர் போய்த் தாயிடம் அந்தப் பத்தையும் கேட்பார், கரைசலைக் கலந்து காட்டச் சொல்வார். தாய்க்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் படிப்பித்தவருக்குக் கூலி. மறந்திருந்தால் குறை தாய் மேல் இல்லை, சொல்லிக் கொடுத்தவர் மேல். நாங்கள் எத்தனை கருத்தரங்கு வைத்தோம், எத்தனை பேர் கையெழுத்து வைத்தார்கள் என்றுதான் அறிக்கை எழுதினோம். அதை நினைத்தால் இப்போதும் மனம் நோகிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. தாய்மாருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தபோது கலந்து கொடுத்தவர்கள் மிகக் குறைவு. ஏன் என்று தேடிப் போனார்கள். படிப்பிக்கப் போன பெண்களில் பலரே தங்கள் வீட்டில் அதைப் பாவிக்கவில்லை, அதில் அவர்களுக்கே நம்பிக்கை இல்லை. வீட்டு ஆண்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் "இந்த உப்புத் தண்ணியை விட்டுவிட்டு மருந்து வாங்கு" என்றார்கள். அதற்குப் பிறகுதான் ஊழியரின் பயிற்சியை மாற்றி, சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆண்களிடம் போய்ப் பேசி, ஊர் வைத்தியர்களையும் சேர்த்து, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சொன்னார்கள். பத்து வருடத்தில் 1 கோடி 20 இலட்சம் வீடுகளுக்கு மேல். இன்று அங்கே ஒரு பாட்டிக்கும் அது தெரியும்.

ஆகவே செயலாளர் தங்கச்சிக்கு: படலைக்குப் போகிறவர் முதலில் தன் வீட்டுத் தொட்டியைக் கழுவியவராக இருக்கட்டும். ஒரு முறை போன வீட்டுக்கு அவரே திரும்பிப் போகட்டும். வானொலி அதற்கு மேல் வரட்டும்.


நெல்லியடி ரீச்சர்:

பாடசாலைப் பிள்ளைகளை இதில் இறக்கலாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டையும் இரண்டு பக்கத்து வீட்டையும் ஞாயிறு பார்த்து, திங்கட்கிழமை ஒரு அட்டையில் குறித்துக்கொண்டு வரும். பிள்ளை கேட்டால் எந்த அம்மப்பாவும் எழும்புவார்.

ஆனால் பேரணி வைத்துப் பதாகை பிடிக்க மட்டும் விடாதீர்கள். போதைப்பொருளுக்கு எதிராக எத்தனை பேரணி போயிருக்கிறோம். மண்டையோடும் ஊசியும் வரைந்த பதாகையை எட்டாம் வகுப்புப் பிள்ளை வெயிலில் தூக்கிக்கொண்டு நடந்தது. பின்னேரம் அந்தப் பிள்ளையின் அண்ணனோடு உட்கார்ந்து கதைக்க ஒருவரும் இல்லை. அமெரிக்காவில் 1998 முதல் பெரும் பணம் செலவழித்து இளைஞருக்குப் போதைப்பொருள் எதிர்ப்பு விளம்பரங்கள் போட்டார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்தால் பாவனை குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. விளம்பரத்தை அதிகம் பார்த்த சில பிள்ளைகள், எல்லாரும் பாவிக்கிறார்கள் போல என்றுகூட நினைத்திருக்கலாம் என்று எழுதினார்கள். அதை வாசித்த நாளிலிருந்து நான் ஒரு பதாகைக்கும் வாசகம் எழுதிக் கொடுத்ததில்லை.

பயங்காட்டுவதைவிடக் கண்ணுக்கு முன்னால் ஒரு சைகை இருந்தால் பிள்ளைகள் பிடித்துக்கொள்கின்றன. 2016 ஆவணியில் இனிப்புக் குடிபானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. என் வகுப்புப் பிள்ளைகள் கன்ரீனில் போத்தலைத் திருப்பித் திருப்பி நிறம் பார்த்தார்கள். நான் சீனியைப் பற்றி நடத்திய பாடங்களைவிட அந்த வட்டம் கூட வேலை செய்தது.


வில்லிசை:

எங்கள் குழு வரும், காசு வேண்டாம். வீரபத்திரர் கோயில் முன்றலில் ஒரு இரவு போதும். பிறிட்ஜுக்குப் பின்னால் குடியிருந்த நுளம்புக் குடும்பத்தின் கதையாகவே செய்யலாம், செயலாளர் அக்கா சம்மதித்தால். முடிவில் மேடையில் ஏறி யாரும் பேச்சு வைக்கக் கூடாது, அது மட்டும்தான் எங்கள் வேண்டுகோள். கதைக்குள் சொன்னதைப் பேச்சாளர் திரும்பச் சொன்னால் சனம் எழும்பிப் போய்விடும்.


தாவடி:

ஒரு சந்தேகம். எங்கள் குழுவில் பப்பாசி இலைச் சாறு குடித்தால் இரத்தத் தட்டு ஏறும், ஆஸ்பத்திரி தேவையில்லை என்று ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. சொல்லுகிற குரல் வைத்தியர் மாதிரி இருக்கிறது. அம்மா நம்புகிறா. என்ன பதில் போடுவது?


சங்கானை மிட்வைப்:

அம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள், பிறகு அடுத்த பதிவை உங்களுக்குச் சொல்ல மாட்டா. சாறு குடித்தாலும் பரவாயில்லை, இந்த மூன்றையும் செய்யுங்கள் என்று சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் அளவோடு. டைக்ளோபெனக், இபுபுறூபன், அஸ்பிரின் தொடக் கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளாகியும் காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுநோ, சத்தி, கைகால் குளிருதல், சோர்வு என்றால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. இதை நீங்கள் உங்கள் குரலில் பதிந்து அதே குழுவில் போடுங்கள். முகம் தெரியாத வைத்தியரைவிட அம்மாவுக்குத் தன் பிள்ளையின் குரல் பெரிது.


கிணற்றடி:

எல்லாவற்றையும் நிலையத்தில் வாசித்துக் காட்டினேன். கூட்டத்துக்குப் பதினொரு பேர் வந்திருந்தார்கள். ஆட்டோ ஒரு நாள் மட்டும், வில்லிசைக்கு அழைக்க. நோட்டீஸ் இல்லை. அந்தக் காசுக்கு வெள்ளைக் கப், ரோச், பிறஸ். ஒழுங்கைக்கு இரண்டு பேர், ஒருவர் பெண், ஒருவர் பெடியன். போகிறவர்களின் வீட்டைத்தான் முதல் ஞாயிறு பார்ப்பது. அது சுகாதாரக் கல்வி அக்கா சொன்னதற்காக. வில்லிசைத் தம்பி, கதைக்குச் சம்மதம். மகளும் சம்மதித்துவிட்டாள், தன் பெயரை மட்டும் மாற்றச் சொன்னாள்.


கிணற்றடி (ஐந்து வாரம் கழித்து):

என்ன நடந்தது என்று எழுத வந்தேன்.

முதல் ஞாயிறு எங்கள் பதினொரு பேரின் வீட்டைப் பார்த்தோம். தலைவர் வீட்டிலேயே கண்டோம், கிணற்றுக் கட்டில் செருகிய இரும்புக் குழாயின் வாய்க்குள். அவர் அன்றைக்கே எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அதற்குப் பிறகு மற்ற வீடுகளுக்குப் போகும்போது "தலைவர் வீட்டிலும் இருந்தது" என்று சொல்லித்தான் தொடங்கினோம். ஒருவரும் கேற்றைப் பூட்டவில்லை.

இரண்டாம் வாரம் மழை. பாதிப் பேர் வரவில்லை, நானும் போகவில்லை. மூன்றாம் வாரம் போனால் வாசுகி ஒழுங்கை என்று நாங்கள் சொல்கிற பக்கம் ஒரு ஆச்சி, "போன கிழமை ஏன் வரேல்லை? நான் தொட்டி இறைச்சு வைச்சுப் பார்த்துக்கொண்டு இருந்தனான்" என்று கேட்டா. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதற்குப் பிறகு மழைக்கும் போகிறோம், குடையோடு.

வானொலியில் ஞாயிறு ஏழு மணிக் குரல் அந்த ஆச்சியுடையதுதான். ஒலிவாங்கித் தம்பி வீட்டுக்கே வந்து பதிந்துகொண்டு போனார். இப்போது சந்தையில் அவவைக் கண்டால் சனம் "தொட்டி இறைச்சாச்சு ஆச்சி" என்று முந்திக்கொண்டு சொல்கிறது.

பூட்டிய வீடுகளில் ஆறுக்குத் திறப்பு கிடைத்தது. இணுவில் வீட்டுக்குச் சித்தியே கூட வந்தா. தொட்டி நிறைய இலை, அதற்குள் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பாவிக்காத கிணற்றுக்குள் குடம்பியைத் தின்கிற கப்பி மீன் விட்டிருக்கிறோம், பி.எச்.ஐ தம்பி கொண்டுவந்தது. இரண்டு வீட்டுக்காரர் இன்னும் பதில் போடவில்லை, ஸ்காபரோ அண்ணை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

காய்ச்சல் இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கம் இரண்டு பேருக்கு வந்தது, இரண்டு பேரும் மூன்றாம் நாளே இரத்தம் சோதித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், சுகமாக வந்துவிட்டார்கள். மார்கழி இன்னும் முடியவில்லை.

வருகிற ஞாயிறு மேற்கு ஒழுங்கைக்குப் போகிறோம். அங்கே தொட்டிகள் பெரிது, பிறஸ் இரண்டு உடைந்துவிட்டது. பக்கத்தில் உள்ளவர்கள் யாரிடமாவது பாவிக்காத தும்புத்தடி இருந்தால் சனிக்கிழமை பின்னேரத்துக்குள் வாசிகசாலையில் வைத்துவிடுங்கள். திறப்பு ரீக்கடை அண்ணையிடம் இருக்கும்.